சைலேஜுக்கு ஆப்பிரிக்கன் டாலா, கதிர் வைக்கிற ஹைபிரிடா? வாழப்பாடி தம்பிக்கு ஒரு பதில்

வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆறு மாடு, நாலு கறவை, ரெண்டு சினை. ஒன்றரை ஏக்கர் கிணத்துப் பாசனம். கோடைக்கு மக்காச்சோள சைலேஜ் (பச்சைப் பயிரை நறுக்கி, காத்துப் படாம அடைச்சுப் புளிக்க வைக்கிற தீவனம்) போட்டு வைக்கணும், விதைக்கடையில ஆப்பிரிக்கன் டால்ங்கற தீவன மக்காச்சோள ரகம் போட்டா ஏக்கருக்கு 20 டன் எடுக்கலாம்ங்கறாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மணிக்குப் போடுற ஹைபிரிடையே (வீரிய ஒட்டு மக்காச்சோளம்) சைலேஜுக்கு வெட்டினார், அவருக்கு 16 டன்தான் வந்துச்சு, எது லாபம்? இன்னொண்ணு, போன வருஷம் வெளியில கிலோ 7 ரூபான்னு சைலேஜ் வாங்கிப் போட்டேன், பால் ஏறவே இல்ல, ஏன்?

ரெண்டும் ஒரே கேள்விதான் தம்பி. ரெண்டுலயும் நீங்க எடை மேடைச் சீட்டைத்தான் பாத்திருக்கீங்க. மாடு சீட்டைத் திங்காது. மக்காச்சோளத்துல பாதிக்கு மேல தண்ணிதான், அந்தத் தண்ணி எவ்வளவுங்கறதை விட்டுட்டு டன் கணக்கு பேசுனா எல்லாமே தப்பாப் போகும்.

ஆப்பிரிக்கன் டாலை 65, 70 நாள்ல பச்சையா அறுத்தீங்கன்னா அதுல தண்ணி போக மிஞ்சற காய்ஞ்ச பொருள் 20 சதவீதம் இருந்தா பெரிசு. 20 டன்ல 4 டன்தான் தீவனம், மிச்சம் 16 டன் உங்க கிணத்துத் தண்ணி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சரியான பருவத்துல வெட்டியிருந்தா 33 சதவீதம் இருந்திருக்கும், 16 டன்ல 5.3 டன் தீவனம். யார் அதிகம் எடுத்தாங்கன்னு இப்ப பாருங்க. அதுவும் அவரோட 5.3 டன்ல கிட்டத்தட்ட பாதி கதிர், அதாவது மணியும் ஸ்டார்ச்சும். உங்க 4 டன் வெறும் தட்டையும் தோகையும். நல்லா மணி கட்டின சைலேஜ்ல காய்ஞ்ச கணக்குல 25ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் ஸ்டார்ச் இருக்கும், பூ எடுக்கிற நேரத்துல வெட்டினதுல தேடினாலும் கிடைக்காது.

வாங்கறதுக்கும் இதே கணக்குதான். 7 ரூபா சைலேஜ்ல 25 சதவீதம் காய்ஞ்ச பொருள்னு வச்சுக்குவோம், ஒரு கிலோ தீவனம் உங்களுக்கு 28 ரூபா விழுது. இன்னொருத்தர் 8 ரூபா சொல்றார், நீங்க விலை ஜாஸ்தின்னு திரும்பி வந்துடுவீங்க, ஆனா அதுல 33 இருந்தா கிலோ தீவனம் 24 ரூபா சொச்சம்தான். விலை கூடினது எதுன்னு இப்ப சொல்லுங்க.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. லேப்புக்கு அனுப்பலாம், நல்லதுதான், ஆனா வெட்டுற அன்னைக்கு ரிசல்ட் கையில வேணுமே. நான் செய்யறது இதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறைக்காரங்க வச்சிருக்காங்களே அந்த மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். காட்டுல நாலஞ்சு இடத்துல வரப்பை விட்டு உள்ள தள்ளி செடியை வெட்டி, சாஃப் கட்டர்ல (தீவனம் நறுக்குற மிஷின்) விட்டு, நல்லாக் கலந்து, சரியா 100 கிராம் எடுத்து இரும்பு வாணலியில சிம்ல வச்சுக் கிளறிக்கிட்டே இருக்கணும். கருகக் கூடாது. எடை போடு, மறுபடி வறு, மறுபடி எடை போடு, எடை இறங்காம நின்னுச்சுன்னா முடிஞ்சது. 32 கிராம் நின்னா 32 சதவீதம், அவ்வளவுதான். வீட்ல மைக்ரோவேவ் இருந்தா இன்னும் சுலபம், பக்கத்துல ஒரு கப் தண்ணி வச்சு ரெண்டு ரெண்டு நிமிஷமா விடுங்க. வீட்டம்மா திட்டுவாங்க, எங்க வீட்ல அந்த வாணலியைத் தனியாவே ஒதுக்கிட்டாங்க.

தராசு இல்லேன்னா கையே போதும். நறுக்கினதை ஒரு கை அள்ளி அரை நிமிஷம் இறுக்கிப் பிடிச்சுட்டு விரிங்க. விரல் இடுக்குல சாறு சொட்டுச்சுன்னா இன்னும் பச்சை, 25க்குக் கீழ. உருண்டையா அப்படியே நிக்குது, கை மட்டும் ஈரமா இருக்குன்னா 25ல இருந்து 30. உருண்டை மெதுவா, சோம்பேறித்தனமா விரிஞ்சு உதிருதுன்னா அதுதான் வேணும், 30க்கு மேல வந்துருச்சு. கைய விரிச்ச உடனே பொலபொலன்னு கொட்டிருச்சுன்னா 40 தாண்டிருச்சு, நேரம் கடந்து போச்சு.

நமக்கு வேண்டியது 30ல இருந்து 35க்குள்ள. இதுக்கு நாள் கணக்கை ரொம்ப நம்பாதீங்க. 110 நாள் ஹைபிரிட் பொதுவா 85, 95 நாள்ல வெட்டுக்கு வரும், ஆனா தைப்பட்டத்துல போட்டு சித்திரை வெயில்ல மாட்டுனா திடுதிப்புன்னு காயும், நாலு நாள் மிஷினுக்குக் காத்திருந்தாக்கூட கதை மாறிடும். அதையே ஏற்காடு மேல போட்டீங்கன்னா குளிருக்கு நாள் இழுக்கும். அதனால மணியைப் பாக்கணும். கதிரை நடுவுல ரெண்டா ஒடிங்க. நுனிப் பக்கத்துத் துண்டைக் கையில எடுத்து ஒடிஞ்ச முகத்தைப் பாருங்க. மணியோட முளை இருக்கிற பக்கம் கதிர் நுனியைப் பாத்துத்தான் இருக்கும், அதனால இந்தத் துண்டுலதான் முளை இல்லாத வழவழப்பான பக்கம் தெரியும். மேல மஞ்சளா கெட்டியா மாவு, கீழ வெளுப்பா பால், நடுவுல ஒரு கோடு, இதுதான் பால்கோடு. அந்தக் கோடு மணியோட மேல் முனையில இருந்து கிளம்பி பாதி தூரம் இறங்கிடுச்சுன்னா மிஷின்காரருக்கு போன் போடுங்க, மூணுல ரெண்டு பங்கு இறங்கறதுக்குள்ள வெட்டி முடிச்சுடுங்க. சந்தேகமா இருந்தா நகத்தால கீறுங்க, மேல் பாதியில நகம் இறங்காது, கீழ் பாதியில பால் பீச்சும்.

நான் இதைக் கத்துக்கிட்டது சும்மா இல்ல. அஞ்சாறு வருஷம் முன்னாடி பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துல நாங்க ரெண்டு ஏக்கர் போட்டிருந்தோம். அறுவடை மிஷின் வச்சிருந்தவர் "இந்த வாரம் விட்டா இனி மூணு வாரம் வரமாட்டேன், எல்லாம் புக் ஆயிடுச்சு"ன்னுட்டார். அப்ப பயிருக்கு 68 நாள். கதிர்ல மணி கொப்புளம் மாதிரி இருந்துச்சு, அமுக்குனா தண்ணி. பரவால்லன்னு வெட்டி குழியில போட்டு மூடிட்டோம். மறுநாள் காலையில பாத்தா குழியோட சரிவுப் பக்கம் பழுப்பு கலர்ல சாறு ஓடி வாய்க்கால் வரைக்கும் போயிருக்கு, ஈ மொய்க்குது. அந்தச் சாறுலதான் சர்க்கரை எல்லாம் போகுது, அப்ப எனக்கு அது தெரியாது. ஒன்றரை மாசம் கழிச்சுத் திறந்தா ஆலிவ் பச்சையா இருக்க வேண்டியது கரும்பச்சையா கொழகொழன்னு கிடக்கு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், புளிப்பு வாசனை இல்ல, கெட்டுப்போன வெண்ணெயும் அழுக்கு சாக்ஸும் சேந்த மாதிரி. கைய மூணு தடவை சோப்பு போட்டு கழுவியும் சாப்பாட்டுல கை வைக்க முடியல. அதுதான் பியூட்டிரிக் அமிலம். ஈரம் அதிகமா இருந்தா அந்த அமிலத்தை உண்டாக்குற பாக்டீரியாதான் ஜெயிக்கும். நல்ல சைலேஜ்ல லாக்டிக் அமிலம்தான் வேலை செஞ்சு பி.ஹெச் 4 பக்கத்துல கொண்டுவந்து நிறுத்திடும், வாசனை லேசா பழம் புளிச்ச மாதிரி, மோர் மாதிரி இருக்கும். எங்க மாடுங்க அந்தக் குழிச் சரக்கை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பாதிக்கு மேல எருக்குழிக்குப் போச்சு.

ஒருவேளை மழை வருது, வெட்டித்தான் ஆகணும்னா ஈரத்தை இழுக்க நறுக்கின வைக்கோல் கலக்கலாம். 22 சதவீதத்துல இருக்கிற ஒரு டன் பயிருக்கு 200 கிலோ காய்ஞ்ச வைக்கோல் கலந்தா மொத்தம் 33 வந்துடும், ஆனா சத்து இறங்கும், அது வேற வழி இல்லாதப்ப செய்யற வேலை. வெல்லப்பாகு, மொலாசஸ் எல்லாம் மக்காச்சோளத்துக்குத் தேவையே இல்ல, அதுலயே வேண்டிய சர்க்கரை இருக்கு. அது புல்லுக்குச் சொன்ன வைத்தியம்.

விதை விஷயத்துக்கு வர்றேன். ஆப்பிரிக்கன் டால் மோசம்னு சொல்ல வரல. தினமும் பச்சையா அறுத்துப் போட அருமையான ரகம், விதை விலை குறைவு. தீவனத்துக்குன்னா 30க்கு 15 சென்டிமீட்டர்னு நெருக்கி விதைக்கச் சொல்வாங்க, அந்த நெருக்கத்துல தட்டை மெலிசா தோகை நிறைய வரும், பச்சைத் தீவனத்துக்கு அதுதான் வேணும். ஆனா சைலேஜுக்குக் கதிர் வேணும், அவ்வளவு நெருக்கத்துல பாதி செடி கதிரே வைக்காது, வச்சாலும் பொக்கை. கதிர் வர்ற வரைக்கும் விட்டாலோ ஆள் உயரத்தைத் தாண்டி வளந்து ஒரு காத்தடிச்சா படுத்துக்கும். சைலேஜுக்கு நான் ஹைபிரிடுதான் சொல்வேன். வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர்னா ஏக்கருக்கு 27,000 செடி, விதை 8 கிலோ. சைலேஜுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி 60க்கு 20 போட்டா 33,000 கிட்ட வரும், தண்ணியும் உரமும் குறையில்லாம குடுக்க முடிஞ்சா இது சரி, கிணறு கையை விரிக்கிற ஊர்னா 25லயே நின்னுக்கோங்க. ரகம் எடுக்கும்போது கதிர் முத்துன பிறகும் தோகை பச்சையாவே நிக்குமான்னு கேட்டு வாங்குங்க, வெட்டுறதுக்கு நாலு நாள் கூடுதலா அவகாசம் கிடைக்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி எத்தனை டன் வரும்னு தெரிஞ்சுக்க ஒரு குறுக்கு வழி. வரிசை 60 சென்டிமீட்டர், அதாவது ரெண்டு அடின்னா, ஒரே வரிசையில 22 அடி அளந்து அதுல இருக்கிற செடி எல்லாத்தையும் மிஷின் வெட்டுற உயரத்துல வெட்டி எடை போடுங்க. எத்தனை கிலோவோ ஏக்கருக்கு அத்தனை டன். 22 அடி நீளம், ரெண்டு அடி அகலம், கிட்டத்தட்ட 44 சதுர அடி, ஏக்கர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அதனாலதான் கிலோவே டன் ஆகுது. மூணு நாலு இடத்துல எடுத்து சராசரி பாருங்க, மோட்டார் கிட்ட செழிப்பா நிக்கிற இடத்துல மட்டும் எடுத்துட்டு சந்தோஷப்படாதீங்க.

வெட்டுற உயரமும் ஒரு கணக்கு. தரையோட ஒட்டி அரை அடியில வெட்டுனா டன் கூடும். ஒன்றரை அடி விட்டு வெட்டுனா பத்து சதவீதத்துக்கு மேல எடை போகும், ஆனா அந்தக் கீழ்த்தட்டை வெறும் கட்டை, செரிக்கவே செரிக்காது, அதை விட்டா மிச்சத்துல ஸ்டார்ச் பங்கு கூடும். விக்கிறவர் அடியோட வெட்டுவார், நமக்கே வச்சுக்கிறவங்க ஒரு அடி விட்டு வெட்டலாம். வறட்சியில வாடி நின்னு திடீர்னு மழை பேஞ்சா மட்டும் கண்டிப்பா உயரமா வெட்டுங்க, மழை பேஞ்சு ஒரு வாரமாவது கழிச்சு வெட்டுங்க, ஏன்னா மாட்டுக்கு விஷமாகுற நைட்ரேட் அடித்தட்டையிலதான் சேரும். சைலேஜ் ஆகும்போது அதுல ஒரு பகுதி உடைஞ்சுடும், ஆனா மூடின முதல் மூணு வாரம் குழி ஓரமா பழுப்பு மஞ்சள் புகை மாதிரி ஏதாவது தெரிஞ்சா கிட்டப் போகாதீங்க, அது விஷ வாயு. சில பேர் மக்காச்சோளத்துலயும் சயனைடு இருக்கும்னு பயப்படுறாங்க, அது இளஞ்சோளத்துக்கும் மரவள்ளி இலைக்கும் உள்ள பிரச்சனை, மக்காச்சோளத்துக்கு இல்ல.

நறுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு சென்டிமீட்டர். அதை விட முக்கியம் மணி உடையறது. நல்ல மிஷின்ல மணியை நசுக்கற ரோலர் இருக்கும், நம்ம ஊர் சாதா சாஃப் கட்டர்ல இருக்காது. உங்க மாட்டுச் சாணியை ஒரு சல்லடையில போட்டு ஹோஸ் பைப்ல கழுவிப் பாருங்க, முழு மஞ்ச மணி பொறுக்கற அளவுக்குக் கிடந்தா நீங்க காசு குடுத்து வளத்த ஸ்டார்ச் அப்படியே எருக்குழிக்குப் போகுது. ரோலர் இல்லாதவங்க பால்கோட்டைப் பாதியிலயே வெட்டிடணும், மணி ரொம்ப முத்த விடக்கூடாது. அப்புறம் சைலேஜை மூணு நாலு வாரத்துல திறக்கலாம்தான், ஆனா ரெண்டு மூணு மாசம் கிடந்துச்சுன்னா மணி இன்னும் நல்லாச் செரிக்கும், அதனால அவசரம் இல்லேன்னா விட்டு வைங்க.

குழி போடறதுலதான் சின்னப் பண்ணைக்காரங்க நிறைய பேர் ஏமாறுறாங்க. பெரிய பண்ணையில பாத்துட்டு வந்து பத்தடி அகலக் குழி வெட்டுவாங்க. உங்க கணக்கைப் பாருங்க. நாலு கறவைக்கு 15 கிலோ, ரெண்டு சினை மாட்டுக்கு 8 கிலோ, நாளைக்கு 76 கிலோ. நம்ம வெயிலுக்கு திறந்த முகத்துல இருந்து தினம் குறைஞ்சது அரை அடி உள்ள எடுத்துக்கிட்டே போகணும், இல்லேன்னா காத்து பட்டு சூடேறி பூஞ்சை பிடிக்கும். நல்லா மிதிச்ச சைலேஜ் கன மீட்டருக்கு 600 கிலோ. 76 கிலோவுக்கு அரை அடின்னா முகம் மூணு அடிக்கு மூணு அடிதான் இருக்கலாம். பத்தடி அகலக் குழி எங்க, மூணடி எங்க. அதனால உங்களுக்குக் குழி வேண்டாம், 50 கிலோ பைகள்ல அடைங்க, இல்லேன்னா பேல் (இறுக்கிச் சுத்தின கட்டு) கட்டித் தர்ற மிஷின் வருதான்னு பாருங்க, நாளைக்கு ஒன்றரை பை, திறந்ததை அன்னைக்கோ மறுநாளோ முடிச்சுடலாம். ஆறு மாசத்துக்கு 13.7 டன், கழிவு சேத்து 16 டன். ஒரு ஏக்கர் ஹைபிரிட் போதும். மீதி அரை ஏக்கர்ல என்னன்னு கடைசியில சொல்றேன்.

படைப்புழு பத்தி ரெண்டு வார்த்தை. 2018ல நம்ம பக்கம் வந்ததுல இருந்து அது இல்லாத மக்காச்சோளக் காடு கிடையாது. குருத்துல தின்னா செடி பெரும்பாலும் தேறிக்கும், கதிர்ல புகுந்துச்சுன்னா அந்த ஓட்டை வழியா பூஞ்சை வரும். அந்தப் பூஞ்சை நச்சு, அஃப்ளடாக்சின், மாட்டுக்குள்ள போய் பால்லயும் இறங்கும். மருந்து அடிச்சா லேபிள்ல போட்டிருக்கிற காத்திருப்பு நாளைக் கணக்கு பண்ணி அடிங்க, மணி மட்டும் இல்ல, தட்டை தோகை எல்லாத்தையும் மாடு திங்கப் போகுது.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, பால் ஏன் ஏறல. ஒண்ணு, சைலேஜ்ல மணி இருந்திருக்காது. அதை விட பெரிய காரணம் எனக்குத் தோணறது, நீங்க கூடவே திப்பி (ஜவ்வரிசி ஆலையில மிஞ்சற மரவள்ளிச் சக்கை) போடுறேன்னு எழுதியிருந்தீங்க. நம்ம சேலம் ஜில்லாவுல சேகோ பேக்டரி பக்கத்துல இருக்கிற எல்லாரும் செய்யறதுதான், மலிவாக் கிடைக்குது. ஆனா திப்பியில பெரும்பகுதி ஸ்டார்ச், புரதம் பேருக்குத்தான். மக்காச்சோள சைலேஜ்லயும் புரதம் காய்ஞ்ச கணக்குல 7ல இருந்து 9 சதவீதம்தான். 15 கிலோ சைலேஜ்ல காய்ஞ்சது 4.8 கிலோ, புரதம் 400 கிராம் பக்கம்தான். பத்து லிட்டர் கறக்குற மாட்டுக்கு ஒண்ணேகால் கிலோ பக்கம் புரதம் வேணும். சைலேஜ், திப்பி, வைக்கோல், மூணுலயும் போதுமான புரதம் இல்ல, மாடு எங்க இருந்து பால் கறக்கும்? சைலேஜ் போட ஆரம்பிச்சதும் திப்பியை நிறுத்துங்க. ரெண்டும் சேந்தா வயிறு புளிச்சு சாணி இளகி, பால் சொசைட்டியில ஃபேட்டும் (பால் கொழுப்பு) இறங்கும். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, எது கட்டுப்படியாகுதோ அதைக் கூட்டுங்க, தாது உப்பு தினம் 50 கிராம். சைலேஜை முதல் நாளே 15 கிலோ கொட்டாதீங்க, அஞ்சு கிலோவுல ஆரம்பிச்சு பத்து நாள்ல ஏத்துங்க.

அந்த மீதி அரை ஏக்கர்ல இருபது சென்ட் வேலிமசால் (புரதம் உள்ள பயறு வகைத் தீவனச் செடி), பாக்கியில கோ 5 கம்பு நேப்பியர் புல், வரப்புல அகத்தி. வேலிமசாலைத் தினம் அஞ்சு கிலோ அறுத்து சைலேஜ் கூட கலந்தீங்கன்னாலே புண்ணாக்குச் செலவு குறையறது தெரியும்.

உரம் சொல்ல மறந்துட்டேன். மணிக்கு அறுத்தா தட்டை காட்டுலயே கிடக்கும், சைலேஜுக்கு வெட்டுனா செடி மொத்தமா வெளிய போகுது, கூடவே 5 டன் காய்ஞ்ச பொருளுக்கு 60 கிலோ தழைச்சத்துக்கு மேலயும், சாம்பல் சத்து அதுக்குக் குறையாமயும் போகுது. ஏக்கருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 100, 30, 30 கிலோங்கற சிபாரிசுல பொட்டாஷை யாரும் போடறதில்ல, யூரியா மூட்டையோட நிறுத்திக்கறாங்க. மூணு வருஷம் ஒரே காட்டுல இப்படி வெட்டுனா தட்டை மெலிஞ்சு சாய ஆரம்பிக்கும். சாணியும் மூத்திரமும் அந்தக் காட்டுக்கே திரும்பிப் போகணும், பக்கத்து வாழைக்கு இல்ல.

பை அடைச்சு அடுக்கினதும் எலி வரும். வாரம் ஒரு தடவை டார்ச் அடிச்சு ஒவ்வொரு பையும் பாருங்க, குண்டூசி ஓட்டைன்னாலும் அன்னைக்கே டேப் ஒட்டுங்க, அந்த ஓட்டையைச் சுத்தி ஒரு முறம் அளவுக்கு வெள்ளையா பூஞ்சை பிடிக்கும். பிடிச்சதைக் கிள்ளி எறிஞ்சுட்டு மிச்சத்தைப் போடலாம்னு சினை மாட்டுகிட்ட மட்டும் விளையாடாதீங்க, அந்தப் பையை அப்படியே எருக்குழிக்கு அனுப்பிடுங்க.